சலைன் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளாஷ்

இது மருத்துவ இழை இல்லை. ஆனா ஆரம்பம் வார்டுலதான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வாங்க.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு நோயாளியின் கழுத்துச் சிரையில் துடிப்பு தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார் எங்கள் யூனிட் சீஃப். டார்ச்சை நேராக அடித்தேன். ஒண்ணும் தெரியலை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து டார்ச்சைப் பக்கவாட்டில் திருப்பினார். தோலில் நிழல் விழுந்தது. அந்த நிழல் அசைந்தது. "வெளிச்சம் பத்தலைன்னு நினைச்சியா? திசைதான்யா தப்பு"ன்னார்.

கேமரா வாங்கி நாலு வருஷம் இந்தப் பாடம் எனக்கு ஞாபகமே வரலை. ஃப்ளாஷை கேமரா தலையிலேயே மாட்டி நேருக்கு நேர் அடிச்சுக்கிட்டு இருந்தேன். எண்ணெய் வழியும் நெற்றி, மூக்கே இல்லாத தட்டை முகம், பின்னால் சுவரில் கறுப்பு நிழல். பழைய கல்யாண ஆல்பத்துல நீங்களும் பார்த்திருப்பீங்க.

2019இல் அப்பா போனார். மாலை போட ஒரு படம் தேடினோம். வீட்டில் கேமரா இருக்கு, எல்லார் ஃபோன்லயும் ஆயிரம் படம் இருக்கு. அப்பா முகம் உருப்படியா ஒண்ணுலயும் இல்லை. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிசாக்கினோம். இன்னிக்கும் ஹால்ல அதுதான் தொங்குது.

அதுக்கப்புறம்தான் ஒழுங்காகக் கற்க உட்கார்ந்தேன். பால்டிமோர் சன் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்த டேவிட் ஹாபி, 2006 முதல் இணையத்தில் எழுதிய பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சாராம்சம் ஒண்ணுதான்: ஃப்ளாஷை கேமராவிலிருந்து கழட்டு.

என்ன வாங்கணும்? கோடாக்ஸ் டிடி600 மாதிரி ஒரு மேனுவல் ஃப்ளாஷ். ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கும். கேமரா மேல் மாட்ட அதே கம்பெனியின் டிரிக்கர் ஒண்ணு, உங்க கேமராவுக்குப் பொருந்துற மாடலா பார்த்து. நான் இரண்டையும் செகண்ட் ஹேண்டில் 7,000 ரூபாய்க்கு வாங்கினேன். வெளிச்சத்தைத் தானாகக் கணக்குப் போடும் டிடிஎல் ஃப்ளாஷுக்கு விலை அதிகம். உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது வேண்டாம், ஒரு தடவை சரி பண்ணினா போதும். நாலு ரீசார்ஜ் பேட்டரி வாங்கிடுங்க. மாமா வீட்டுப் பரணில் கிடக்கும் ஃபிலிம் காலத்து ஃப்ளாஷை மட்டும் டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீங்க. சிலதுல வோல்டேஜ் அதிகம், கேமராவைக் காவு வாங்கிடும்.

ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்க மனசு வரலை. கிளினிக்கில் பழைய சலைன் ஸ்டாண்டு ஒண்ணு இருந்தது. மைக்ரோபோர் டேப் சுத்தி ஃப்ளாஷைக் கட்டினேன். முதல் நாளே சக்கரம் உருண்டு, ஸ்டாண்டு சாய்ந்து, ஃப்ளாஷின் கால் விரிசல் விட்டது. இப்போ அடியில் அஞ்சு கிலோ அரிசிப் பை வைக்கிறேன்.

செட்டிங்குக்கு ஒரு வழி. ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6. ஃப்ளாஷை அணைச்சு ஒரு படம் எடுங்க. அறை கிட்டத்தட்ட இருட்டா வரணும். அப்புறம் ஃப்ளாஷை 1/8 பவரில் வைங்க. அறை வெளிச்சம் கூடணும்னா ஷட்டரை மெதுவாக்குங்க, ஃப்ளாஷ் மாறாது. ஷட்டரை ரொம்ப வேகமாக்கினா படத்தில் கறுப்புப் பட்டை விழும். பெரும்பாலான கேமராவுக்கு 1/200 பக்கத்துலதான் எல்லை.

தூரம் முக்கியம். எக்ஸ்ரே அறையில தள்ளி நில்லுன்னு சொல்றோமே, அதே கணக்கு. தூரம் இரட்டிப்பானா வெளிச்சம் கால் பங்குதான். ஆனா பக்கத்துல வெச்சா மட்டும் வெளிச்சம் மிருதுவாகிடாது. வெளிச்சம் வர்ற பரப்பு பெரிசா இருக்கணும். குடை வாங்கலாம். நான் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு, அதன் பின்னாலிருந்து அடித்தேன். அப்பாவோட வேட்டி. பீரோவில் மடிச்ச மடிப்பு கலையாமல் இருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குடா இப்ப படம்?"னு கேட்டாங்க. சும்மா ஃப்ளாஷைச் சோதிச்சுப் பார்க்கன்னு சொன்னேன். சலைன் ஸ்டாண்டையும் வேட்டியையும் ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "எதுக்குன்னு எனக்குத் தெரியும். இரு, நல்ல புடவை கட்டிக்கிட்டு வர்றேன்."

வேட்டி அம்மாவுக்கு ஒரு கை தூரத்தில், வலது பக்கம், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. இடது கன்னம் ரொம்ப இருண்டது, பக்கத்தில் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தினேன். கண்ணாடியில் வெள்ளைக் கட்டம் தெரிந்தது, ஃப்ளாஷை இன்னும் உயர்த்தினேன். ஒன்பதாவது படம் சரியா வந்தது. கேமரா திரையைப் பெரிசாக்கிக் காட்டினேன்.

"மூக்குத்தி தெரியுதே"ன்னாங்க.

அப்புறம், வேட்டியைத் துவைச்சு திரும்ப அதே இடத்துல வைக்கச் சொன்னாங்க.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. ஓபி முடிச்சிட்டு ராத்திரி பதில் போடறேன்.