மார்கழியில் திறந்த புத்தகம்

பேராதனையில் மார்கழிப் பனி, விடிந்து நெடுநேரம் சென்றும் மகாவலியை விட்டு அகல்வதில்லை. சென்ற ஆண்டு அம்மாதத்தில், திருவெம்பாவைப் பூசைக்குக் குறிஞ்சிக் குமரன் கோயில் சென்று மீண்ட ஒரு காலையில், நாற்பது வயது கடந்த நான் முதன்முறையாக ஒரு கிறிஸ்தவப் பக்தி நூலைத் திறந்தேன். தோமஸ் அ கெம்பிஸ் என்னும் துறவியின் பெயரால் வழங்கும் ‘கிறிஸ்துவைப் பின்பற்றல்’ என்பதன் ஆங்கிலப் பதிப்பு அது. எங்கள் கல்லூரியிலிருந்து இளைப்பாறிய கத்தோலிக்க நண்பர் ஒருவர், தம் மேசையை ஒழித்த அன்று எனக்கு அளித்தது.

ஓராண்டு அது என் அலமாரியில் உறங்கிற்று. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்திற் பிறந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நாவலர் பெருமானின் பெயர் நாள்தோறும் வழங்கும். அப்பெருமானே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் என்பதை மட்டும் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை!

என் தயக்கத்தைப் போக்கியவர் விவேகானந்த சுவாமிகள். அவர் ஊர் ஊராக அலைந்த நாட்களில் கீதையோடு இந்நூலையும் உடன் வைத்திருந்தார். 1889இல் இதன் சில அதிகாரங்களை வங்காளியிலும் பெயர்த்தார். அவர் சுமந்ததைத் தொடவும் நான் அஞ்சுவதா?

ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன், ஒல்லாந்து நாட்டு மடமொன்றில் இலத்தீன் மொழியில் எழுந்த நூல் இது. ஆசிரியர் விவிலியம் முழுவதையும் தம் கையாற் படியெடுத்தவர். அத்தகைய கல்விமான் முதற் பகுதியின் தொடக்கத்திலேயே கல்விச் செருக்கைக் கடிகிறார். எளிய உழவனைக் கற்றோனுக்கு மேலாக வைக்கிறார். அங்கே நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மூடியதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன், திருவாசக வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, “பாண்டியனின் அமைச்சராக இருந்தவர் ஏன் ஐயா தம்மை இவ்வளவு தாழ்த்திப் பாடுகிறார்?” என்று கேட்டான். “அது பக்தி இலக்கிய மரபு. சோதனைக்கு அவ்வளவு போதும், இரும்” என்றேன். வகுப்புச் சிரித்தது, அவன் முகம் வாடிற்று. இருபது ஆண்டுகளாக மாணிக்கவாசகரின் கண்ணீரை நான் இலக்கணக் குறிப்புகளாகவே பகுத்துக் காட்டி வந்திருக்கிறேன். அதை எனக்கு உணர்த்த ஓர் அயல்நாட்டுத் துறவி வரவேண்டியிருந்தது.

பிற்பாடு அம்மாணவனை அழைத்து, அன்று நான் கூறியது விடையன்று என்றேன். “புள்ளி கிடைத்துவிட்டது ஐயா” என்று சிரித்தான். அதுவும் நான் கற்பித்த பாடந்தான்.

நூல் முழுவதும் எனக்கு உடன்பாடு என்று கூறேன். உலகத்தை இத்தனை ஐயத்தோடு நோக்குவது, காலையில் ஹந்தானை மலையைக் கண்டு மகிழ்பவனுக்குக் கடினம். நான்காம் பகுதி நற்கருணை பற்றியது. அங்கே நான் வாயிலில் நின்ற விருந்தாளி. போப்பையர் திருவாசகத்தை ஆங்கிலமாக்கி, 1900ஆம் ஆண்டு தம் எண்பதாம் வயதில் வெளியிட்டார். அவரும் எங்கள் வாயிலில் அப்படித்தான் நின்றிருப்பாரோ?

மூன்றாம் பகுதியில் ஆண்டவனும் அடியானும் உரையாடுகின்றனர். ஒருநாள் மாலை அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா விளக்கேற்றிவிட்டு வந்தார்.

“வேதக்காரரின்ரை புத்தகமோ, தம்பி?”

“ஓம் அம்மா.”

பேசாதிருந்தார். பின்பு, “என்ன சொல்லுது?” என்றார். ஒரு பக்கத்தைத் தமிழிற் சொன்னேன். நாள்தோறும் திருவாசகம் ஓதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“எந்த ஊர்ச் சுவாமியார்?”

“ஒல்லாந்து.”

“கோட்டை கட்டின ஒல்லாந்தரின்ரை ஊரோ?” என்று வியந்தவர், சற்றுப் பொறுத்து, “சரி, ஏன் நிப்பாட்டினாய்? மிச்சத்தையும் சொல்லு” என்றார்.