நூறு முறை மங்கும் விளக்கு

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கூடத்துக்கு ஒரே ஒரு ட்யூப்லைட். சித்திரை மாதத்தில் வோல்டேஜ் இறங்கிவிட்டால் அது லேசில் பிடிக்காது. இரண்டு முனையும் சிவக்கும், நடுவே பளிச்சென்று ஒரு வெட்டு, திரும்ப இருட்டு. பெரியப்பா ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகுவார். பிடித்துக்கொண்டதும் பெரியம்மா, “அப்பாடா, நின்னு எரியறது” என்பார்.

அது எங்கே நின்று எரிந்தது? நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். ஆகவே இரும்பு சோக் போட்ட பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எழுந்தது. சாதாரண வெளிச்சத்தில் ஐம்பது அறுபதுக்கு மேல் போய்விட்டால் மூளை எண்ணுவதை விட்டுவிடுகிறது. ஒரே சீரான வெளிச்சம் என்று நமக்குச் சொல்லிவிடுகிறது.

காட்டிக்கொடுத்தது மின்விசிறிதான். ராத்திரி பாயில் மல்லாந்தபடி ரெகுலேட்டரைக் கூட்டிக் குறைக்கச் சொல்வோம். ஏதோ ஒரு வேகத்தில் மூன்று இறக்கை ஏகப்பட்ட மங்கல் இறக்கைகளாகி அந்தரத்தில் நிற்கும். அப்புறம் மெல்லப் பின்பக்கம் நகரும். தம்பி அதற்குப் பேய் விசிறி என்று பேர் வைத்திருந்தான். கணக்கு எளிதுதான். நிமிடத்துக்கு 333 சுற்று ஓடினால், ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையில் இறக்கை 20 டிகிரி போகும். மூன்று இறக்கை பதினெட்டாகத் தெரிந்து அப்படியே நிற்கும். வேகம் இம்மி குறைந்தாலும் பதினெட்டும் பின்வாங்கும். பகல் வெளிச்சத்தில் இந்த வித்தை நடக்காது, சூரியன் மினுக்குவதில்லை.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தது. எங்கள் தெருவுக்கு வந்தது அதற்கும் சில வருஷம் கழித்து. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்க எதிர்வீட்டு ஜன்னலில் தொங்குவோம். இடம் கிடைக்காமல் பக்கவாட்டில் ஒதுங்கியவனுக்கு ஒரு லாபம் உண்டு: நேரே பார்த்தால் சாதுவாக இருக்கும் திரை, ஓரக்கண்ணால் பார்த்தால் படபடவென்று துடிக்கும். விழித்திரையின் ஓரம் எழுத்தைப் படிக்க லாயக்கில்லாதது, ஆனால் துடிப்பைப் பிடிப்பதில் நடுப்பகுதியைவிடக் கெட்டி. திரை எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு அதிகமாகத் துடிப்பு தெரியும். இருட்டான சினிமா கொட்டகையில் அளவான வெளிச்சத்தில் ஓட்டிய படத்தில் துடிப்பு தெரியாமல் போனதும் அதனால்தான்.

கொட்டகை என்றதும் கபாலியும் லஸ் காமதேனுவும் ஞாபகம் வருகின்றன. தலைக்கு மேலே, தூசி பறக்கும் ஒளிக்கற்றை. நொடிக்கு 24 படம். ஆனால் 24 துடிப்பு கண்ணை உறுத்தும் என்பதால், புரொஜெக்டரில் சுழலும் தகடு ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை மறைத்துத் திறக்கும். நொடிக்கு 48. கொடுத்த காசில் ஏறக்குறைய பாதி நேரம் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

நின்ற படங்கள் ஓடுவதாகத் தெரிவதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த காரணம், பிம்பம் கண்ணில் பதினாறில் ஒரு பங்கு நொடி தங்குகிறது என்பது. தங்கினால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் குழம்ப வேண்டுமே தவிர, எம்.ஜி.ஆர். ஏன் குதிரையில் ஓட வேண்டும்?

இதற்கு விடை பங்குனி மாதத்தில் மாட வீதியிலேயே எரிந்துகொண்டிருந்தது. அறுபத்து மூவர் உற்சவத்துக்குச் சீரியல் பல்பு கோத்த பெரிய பெரிய உருவங்கள் வைப்பார்கள். சிவன் தலையிலிருந்து கங்கை கொட்டும், மயில் தோகை விரிக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் பலகையில் ஆணியும் ஒயரும், ஒரு மோட்டார் சுழற்றும் உருளையும். உருளையில் செப்புத் தகடு பட்ட வரிசை எரியும், விட்ட வரிசை அணையும். எந்த பல்பும் ஓர் அங்குலம் நகரவில்லை. முன்பக்கம் வந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912-இல் இதை அளந்து எழுதினார். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் இரண்டை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் 30 பங்கு என்றால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். 200 பங்கு என்றால் ஒன்றன்பின் ஒன்றாக. நடுவே 60 பங்கில் ஒரே கோடு இங்கிருந்து அங்கே தாவும். இதிலும் விசித்திரம் 1976-இல் கோலர்ஸ், ஃபோன் க்ரூனாவ் இருவரும் கண்டது: முதல் புள்ளி சிவப்பு, அடுத்தது பச்சை என்றால், போகிற வழியில் நடுவிலேயே நிறம் மாறிவிடுகிறது. பச்சை இன்னும் எரியவே இல்லாதபோது அது மூளைக்கு எப்படித் தெரியும்? பச்சை வந்தபிறகு, நடுவில் நடந்ததைப் பின்தேதியிட்டு எழுதிக்கொள்கிறது என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிற பதில்.

இந்தத் தாவலைத் துருவியவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். கைகால் இழந்தவர்களின் மாய உறுப்பு வலிக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்தியம் கண்ட வி.எஸ். ராமச்சந்திரன், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர். அவருடைய தாத்தா அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் வீடு லஸ் சர்ச் சாலையில். 1986-இல் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸுடன் சேர்ந்து சயின்டிஃபிக் அமெரிக்கனில் எழுதிய கட்டுரையில், மூளை இஷ்டத்துக்கு இட்டு நிரப்புவதில்லை, பொருள்கள் உலகத்தில் எப்படி நகருமோ அந்த வழக்கப்படிதான் நிரப்புகிறது என்று காட்டினார்கள்.

இப்போதெல்லாம் அடையாறு திரு.வி.க. பாலத்தில் ராத்திரி போகும்போது முன்னால் போகும் காரின் எல்இடி பின்விளக்கிலிருந்து பார்வையைச் சட்டென்று திருப்பினால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகச் சிதறுகின்றன. கண் தாவுகிற நேரத்தில் நொடிக்கு 1000-ஐத் தாண்டிய மினுக்கல்கூடத் தெரியும் என்று சோதித்திருக்கிறார்கள். ஐம்பது அறுபது என்ற வரம்பு, கண் அசையாமல் இருக்கும்வரைதான்.

மலிவான எல்இடி பல்பிலும் அதே பழைய 100 இருக்கிறது. உள்ளே சரியான மின்தேக்கி வைக்காத மிச்சம். ட்யூப்லைட்டிலாவது உள்பூச்சு கொஞ்ச நேரம் ஒளிர்ந்து சமாளித்தது. அதனால் தி.நகரில் பல்பு வாங்கினால் எரியவிட்டு போன் கேமராவைக் காட்டிப் பார்க்கிறேன். கறுப்புப் பட்டை ஓடினால் வேண்டாம். மூன்றாவது பல்பை மாட்டும்போது கடைக்காரர், “பல்பு எரியுதான்னு கண்ணால பாருங்க சார், போன்ல எதுக்கு?” என்றார். நான்காவதைக் கேட்டேன்.