கால்மாட்டில் ஓர் இன்ஜின்

பழைய கார்பெட்டைப் பிய்த்து வெளியே எறிவதில்தான் வேலை தொடங்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். கடைக்காரர் ஷூவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினார். ஓட்டுநர் இருக்கையை ஒட்டி மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் பரப்பி மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. அழுத்தினார், சேற்றில் கால் வைத்ததுபோல் உள்ளே இறங்கியது. அங்கே மாஸ்கிங் டேப் ஒன்றை ஒட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டார்.

"ஈரம் இங்கேதான் உட்கார்ந்திருக்கு. எங்கேயிருந்து வருதுன்னு பார்க்காம புதுசு போட்டா, அதுவும் அழுகிடும்" என்றார்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே பான்டியாக் நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது அந்தக் கடை. நம் ஊரில் குஷன் கடை என்போமே, அதேதான். இங்கே ட்ரிம் ஷாப் என்கிறார்கள். வேலை செய்பவர்கள் இரண்டே பேர். அளவு, வெட்டு, ஒட்டு எல்லாம் கடைக்காரர் கையில். தையல் முழுக்க ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். வண்டி என் பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜிஎம்சி கம்பெனியின் 1976-ஆம் ஆண்டு மோட்டார் ஹோம், 26 அடி நீளம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை என்று ஒரு சின்ன வீடே சக்கரத்தின் மேல் நிற்கிறது.

கார் கம்பெனிகளுக்குச் சத்தத்தை அளந்து கொடுப்பது என் தொழில். கோவையிலிருந்து இங்கே வந்து பதினேழு வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். கார்பெட்டை எனக்கு எண்களாகத்தான் தெரியும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலியை விழுங்கும் என்று கேட்டால் சொல்வேன். ஒருவர் அதைக் கையால் வெட்டித் தைத்துப் பொருத்துவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது, பெரியவர் "கூட வர்றீங்களா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. இரண்டு நாள் லீவு போட்டேன்.

இந்த வண்டி பிறந்ததும் பான்டியாக்கில்தான். 1973 முதல் 1978 வரை ஆறே ஆண்டுகள், மொத்தம் 13,000-க்குச் சற்றுக் குறைவாகச் செய்தார்கள். அந்தக் காலத்து மோட்டார் ஹோம் என்றால் லாரிச் சட்டத்தின் மேல் பெட்டியைத் தூக்கி வைத்ததுதான். ஜிஎம்சிக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரின் முன்சக்கர இழுவை அமைப்பை அப்படியே எடுத்து, இன்ஜின், கியர் பாக்ஸ் இரண்டையும் வண்டியின் மூக்கில் வைத்துவிட்டார்கள். பின்பக்கம் போகும் ஷாஃப்டே கிடையாது. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள், காற்றுப்பை சஸ்பென்ஷன். அதனால் வீட்டுத் தரை தாழ்ந்து, ஏறி இறங்க வாகாக இருக்கிறது.

அந்தச் சுகத்துக்கான விலை கேபினில் இருக்கிறது. ஏழரை லிட்டர் இன்ஜின், ஓட்டுபவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவே, தரைக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பழுது பார்க்கத் தரையிலேயே ஒரு மூடி. அதன் மேல்தான் கார்பெட். ஆகவே இந்த வண்டியில் கேபின் கார்பெட்டை அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடு, இரைச்சல், புகை மூன்றும் மனிதர்களை நெருங்காமல் நிறுத்தும் சுவர் அது.

இருக்கைகளைக் கழற்றி இறக்கிய பிறகு பழைய கார்பெட் வெளியே வந்தது. எழுபதுகளின் மோகமான நீள மயிர் ரகம். பொன்னிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது வடிகட்டிய காப்பிச் சக்கையின் நிறம். ஒரு துண்டையும் கிழிக்காமல், ஓரத்தில் கத்தி நுழைத்துப் பசையை விட்டு உரித்து எடுத்தார். எடுத்ததை அப்படியே கடைத்தரையில் விரித்து, எது முன்பக்கம், எது இடப்பக்கம் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதி வைத்தார். கடைசி வேலை முடியும்வரை இதைக் குப்பையில் போட மாட்டாராம்.

அடியில் சணல் மெத்தை. எங்கோ வங்காளத்து வயலில் விளைந்திருக்கக்கூடிய சணல், மிச்சிகன் பனிக்காலத்தைக் குடித்துக் குடித்துக் கருத்துப் போயிருந்தது. இங்கே பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். பூட்ஸோடு ஏறும் அந்த உப்புத்தண்ணீர் சணலில் தங்கி, அடியில் இருக்கும் இரும்பை அரிக்கும். பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஸ்க்ரூக்களின் தலையே இல்லை. ஆனால் தண்ணீர் பூட்ஸிலிருந்து மட்டும் வரவில்லை. முன் கண்ணாடியின் ரப்பர் ஒரு மூலையில் சுருங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணீர்த் தடம்போல ஒரு கோடு இறங்கியிருந்தது. முதல் நாளின் பாதி அந்த ரப்பரிலேயே போயிற்று. பெரியவர் கேட்டு வந்த வேலை அது இல்லைதான். கடைக்காரர் கேட்கவும் இல்லை, செய்தார்.

சணலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கால் டாலர் காசு கிடந்தது. அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டுக்காக அடித்தது. 1776–1976 என்று இரண்டு வருடமும் அதில் இருக்கும். வண்டிக்கும் அதே வயது. பெரியவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தரையைச் சுரண்டித் துடைத்ததும், பென்சிலில் எழுதிய இரண்டு எண்களும் ஒரு அம்புக்குறியும் தெரிந்தன. தொழிற்சாலையில் யாரோ அவசரத்தில் போட்ட குறி. மேலே ஒட்ட வேண்டியது ப்யூட்டைல் தகடு. தாரைப் போல் ஒட்டும், மேல்பக்கம் அலுமினியத் தாள், அதிர்வை அடக்குவது. கடைக்காரர் அந்தக் குறியைச் சுற்றி மட்டும் தகட்டைச் சன்னல்போல வெட்டி ஒட்டினார். எழுதியது யாரென்று தெரியாது, மூடிவிட்டால் மறுபடி எந்தக் கார்பெட்டுக்காரனும் பார்க்கப்போவதில்லை, அதனால் விட்டேன் என்றார். என் தொழிலும் அவருக்கு ஆதரவாகவே இருந்தது. அதிர்வை அடக்கத் தரை முழுவதையும் மூட வேண்டியதில்லை. தகரம் துடிக்கும் நடுப்பகுதியில் ஒட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். இன்ஜின் மூடியின் ஓரம் வேறு கதை. அங்கே ஒரு ஊசி நுழையும் இடைவெளி போதும், சத்தம் அதன் வழியே முழுசாக வந்துவிடும். சத்தம் வரும் வழியில்தான் கார்பன் மோனாக்சைடும் வரும். நிறமும் மணமும் இல்லாத அந்தப் புகையைத் தூங்குகிறவர் அறியவே மாட்டார்.

யாரோ பிற்காலத்தில் செய்து போட்ட ப்ளைவுட் மூடி அது. அதன் நான்கு ஓரமும் சுரண்டி, புது ரப்பர் பட்டை ஒட்டி, அடிப்பக்கம் சூடு தாங்கும் தகடு அடித்த பிறகே கார்பெட் சுருளுக்குக் கை நீண்டது.

சுருளின் அகலம் 80 அங்குலம். வெட்டு மயிர் நைலான், கரும்பழுப்பு. கடைக்காரர் என் கையைப் பிடித்து அதன்மேல் தடவ வைத்தார். ஒரு பக்கம் தடவினால் மாட்டின் முதுகுபோல் படிந்தது. திருப்பித் தடவினால் சிலிர்த்து நிறமே மாறியது. எல்லாத் துண்டுக்கும் மயிர் ஒரே திசையில் சாய வேண்டும், இல்லையென்றால் இரண்டு வேறு கார்பெட் போட்டதுபோல் தெரியும். கேட்டதும் கோவை டவுன்ஹால் பக்கத்து டெய்லர் நினைவுக்கு வந்தார். வெல்வெட் பாவாடைக்கு அரை மீட்டர் கூடுதலாக வாங்கச் சொல்லி அம்மாவிடம் அவர் சொன்ன காரணம் எழுத்துக்கு எழுத்து இதுவேதான்.

பழைய துண்டை வைத்து அப்படியே வரைந்து வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். அது ஈரத்திலும் சூட்டிலும் சுருங்கியிருக்கிறதாம். வடிவத்தைத்தான் நம்பலாம், அளவை நம்பக் கூடாது. பெரிய காகிதத்தைத் தரையில் அழுத்தி, விளிம்புகளை விரல் நகத்தால் தேய்த்துத் தடம் எடுத்தார். வெட்டும்போது கார்பெட்டைக் கவிழ்த்து, முதுகுப்பக்கம் மட்டும் பிளேடை ஓட்டினார். மயிர் ஒன்றுகூட அறுபடவில்லை.

போல்ட் துளைகளுக்கு நான் டிரில்லை எடுத்து நீட்டினேன். அவர் பதறிக் கையைப் பிடித்துவிட்டார். இந்தக் கார்பெட்டில் முடிச்சே கிடையாது. ஊசி துணியின் குறுக்கே நூலைக் குத்திக் குத்திப் போகிறது, பின்னால் பூசிய லேடெக்ஸ்தான் பிடித்து நிறுத்துகிறது. சுழலும் டிரில் ஒரு நூலைக் கவ்வினால் போதும், அந்த வரிசை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். இளவயதில் ஒரு வாடிக்கையாளரின் காரில் தானே அப்படி உருவி, முழுத் துண்டையும் கைக்காசில் மாற்றிக்கொடுத்திருக்கிறார். இப்போது குத்தூசியைச் சூடாக்கி அழுத்துகிறார். நைலான் உருகி, துளையின் விளிம்பு தானாகவே கட்டிப்போகிறது.

குத்திக் குத்திப் போகும் இந்த முறைக்கு ஒரு பெண் காரணம். ஜார்ஜியா மாநிலத்து டால்டனுக்குப் பக்கத்தில், 1895-இல், கேத்தரின் எவன்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் படுக்கை விரிப்பொன்றில் தடித்த நூலைக் குத்தி இழுத்து, நுனிகளைக் கத்தரித்துப் புசுபுசுவென்று ஆக்கினாள். 1900-இல் ஒரு விரிப்பை இரண்டரை டாலருக்கு விற்றாள். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அதற்கு இயந்திரம் வந்தது, இயந்திரம் அகலமாகிக் கார்பெட் ஆனது. டால்டன் இன்று உலகத்தின் கார்பெட் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். ஒரு சிறுமியின் கைவேலை இந்த வண்டியின் தரைவரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

தையல் அம்மாளிடம் பேச இரண்டாம் நாள்தான் வாய்த்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு சீட் தொழிற்சாலையில் உறை தைத்தவர். வேலை மெக்சிகோவுக்குப் போனது, தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே நாள் முழுக்க ஒரே தையல், ஒரே அளவு. "இங்க வந்தப்புறம்தான் ஒரு துண்டோட நாலு பக்கத்தையும் நானே பார்த்தேன்" என்றார். என் மேசைக்கு வந்த கார் இருக்கைகளில் எத்தனையை இவர் கை தைத்திருக்குமோ. எந்த அறிக்கையிலும் நான் ஒரு தையல்காரரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

துண்டுகளின் ஓரத்துக்கு வினைல் பட்டை தைத்தார். ஊசியோடு சேர்ந்து பாதமும் நடக்கும் கனத்த மெஷின். நேர்க்கோட்டில் கடகடவென்று ஓடியது. மூலை வந்ததும் மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஊசி இறங்கிய நிலையில் நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துண்டைத் திருப்பி, பட்டையின் மடிப்பைக் கோணூசி முனையால் உள்ளே தள்ளி, ஒரு தையல். மறுபடி தூக்கி, அரைக்கால் விரல்கடை திருப்பி, இன்னொரு தையல். ஒரு மூலைக்கு ஏழு தையல் எண்ணினேன். மூடிக்கு நான்கு மூலை.

மாலை ஐந்தரைக்கு இருக்கைகள் ஏறின. பெல்ட் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் இறுக்கி முடித்தார் கடைக்காரர். மூடியின் கார்பெட்டும் தரையின் கார்பெட்டும் சேரும் இடத்தைக் கையால் தடவிவிட்டபோது கோடு மறைந்தது. பெரியவர் சாவியை எடுத்துவிட்டார்.

அம்மாள் அவரிடம் ஒரு டாலர் நோட்டு கேட்டு வாங்கினார். மூடியைத் தூக்கி, ரப்பர் பட்டையின் மேல் நோட்டை வைத்து மூடி, மெல்ல இழுத்தார். வரவில்லை. நான்கு விரல்கடை தள்ளி வைத்து மறுபடி இழுத்தார். வரவில்லை. அப்படியே ஒவ்வொரு பக்கமாக நகர்ந்தார். பயணி இருக்கைப் பக்கத்து மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

இன்னொரு முறை வைத்தார். மறுபடி வந்தது. நோட்டைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல், அப்போதுதான் இறுக்கிய இருக்கையின் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.