உறையும் உரையும்

கலைப்பீட மாணவன் ஒருவன் கணினி நிரல்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், எனது சிறப்புக்கலை ஆய்வேட்டுக்காகப் பழம்பாடல்களின் சொற்களைத் தொகுக்க முற்பட்டபோது, எனக்கு முன் இங்கு பயின்ற ஒருவர் ரூபி மொழியில் எழுதிவைத்த சொற்றேடல் நிரலே கைகொடுத்தது. அதனை வேறு மாணவர் இருவரும் பயன்படுத்துகின்றனர்.

அந்நிரலில் ஒரு குறை இருந்தது. 'கொடி' என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒருங்குகுறியில் இருவகையாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒருவகை. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வேறு. ஒருவகையில் தேடினால் மறுவகையில் பதிந்தவை அகப்படா. அகப்படாத சொல் அந்நூலில் இல்லை என ஆய்வாளன் முடிவுகட்டின், அப்பிழை ஆய்வேட்டிலும் ஏறிவிடும்.

மூல நிரலையே திருத்தலாமே எனக் கேட்கலாம். திருத்தினால், ஏனையோர் பாதியளவில் செய்துவைத்த எண்ணிக்கைகள் அவர்கள் அறியாமலே மாறுபடும். ஆகவே மூலத்தைத் தொடாமல் அதன்மேல் ஓர் உறை இடுவதே தக்கதெனக் கொண்டேன்.

ரூபி போன்ற இயங்குநிலை மொழிகளில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வகுப்பின் செயல்முறையை மாற்றியமைக்க முடியும். பழைய செயல்முறைக்கு மாற்றுப்பெயர் சூட்டி, அதன் இயற்பெயரில் புதியதை எழுதி, புதியதனுள்ளிருந்து பழையதை அழைப்பது முன்னைய வழக்கம். அக்கோப்பு இருமுறை ஏற்றப்படின் மாற்றுப்பெயரும் புதியதையே சுட்டும். அது தன்னைத்தானே ஓயாது அழைத்து, ஈற்றில் நிரல் முறிந்துவிடும். 2013 இல் வெளிவந்த ரூபி 2.0 இதற்கு நல்வழி தந்தது. 'பிரிபெண்ட்' என்னும் கட்டளை புதிய கூறொன்றை வகுப்பின் முன்னே நிறுத்துகிறது. அழைப்பு முதலில் அக்கூற்றை அடைகிறது. அது 'சூப்பர்' என்றதும் மூலச் செயல்முறை இயங்குகிறது. எனது உறை சில வரிகளே. தேடும் சொல்லையும் பாடத்தையும் ஒரேவகைக் குறியீட்டுக்குக் கொணர்ந்து மூலத்திடம் ஒப்படைக்கிறது. மூலம் தரும் விடையை மாற்றாது திருப்பித் தருகிறது.

இவ்வெண்ணம் புதியதன்று. 1966 இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் வொரன் ரைற்றல்மன் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில், லிஸ்ப் மொழிச் சார்புகளின் முன்னும் பின்னும் புதுக் கட்டளைகளைச் சேர்க்கும் முறையை விவரித்து, 'அறிவுரை கூறல்' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் உரைமரபு நினைவுக்கு வரும். நச்சினார்க்கினியர் உரையை நீக்கினும் தொல்காப்பியச் சூத்திரம் நிற்கும். இடைச்செருகலோ அத்தகையதன்று, எழுதிய கை மறைந்துவிட, மூலமும் சேர்க்கையும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடும். உறைக்கும் இந்த ஆபத்து உண்டு. மூல நிரலை மட்டும் படிப்பவர் உறையின் சுவட்டையும் அங்கே காணார். வகுப்பின் முன்னோர் பட்டியலைக் கேட்டால் உறையின் பெயர் முதலில் வரும் என்பது உண்மையே. ஐயம் எழாதவர் அதனைக் கேட்கமாட்டார். எனவே உறையைத் தனிக் கோப்பாக்கி, எழுதியவன் பெயரையும் நோக்கத்தையும் திகதியையும் அதன் தலைப்பில் குறித்து, மற்ற இருவருக்கும் அறிவித்தேன்.

ஒருவர் அதனை ஏற்றுக்கொண்டார். மற்றவர், தொடங்கிய எண்ணிக்கையை முடிக்கும்வரை மூலத்தையே பயன்படுத்துவதாகக் கூறினார். அவ்வாறு மறுப்பதற்கு அவருக்கு இடமளித்ததே உறையின் சிறப்பு என்பது என் கருத்து.