நீலம் யார் கையில்

வெள்ளை வேட்டி வெள்ளையாகத் தெரிய நீலம் போட வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் விந்தையாக நினைத்ததில்லை. சொட்டு நீலம் பரவுவதற்கு முந்தைய காலம் அது. நீலப்பொடியை ஒரு கந்தல் துணியில் முடிந்து, கடைசி அலசலுக்கு வைத்த வாளித் தண்ணீரில் இரண்டு சுற்று சுற்றி எடுப்பார் அம்மா. பொடி கொஞ்சம் கூடிவிட்டால் வேட்டியில் திட்டுத் திட்டாக நீலம் பிடித்துவிடும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே அதையும் கட்டிக்கொண்டு போவார்.

அந்த மளிகைக்கடைப் பொடி அல்ட்ராமரின் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஓவியர்கள் மரியாளின் மேலாடைக்குப் பூசிய அதே நீலம். அவர்களுக்கு அது ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து வந்தது. சாரே சங் சுரங்கத்தில் வெட்டிய லாபிஸ் லாசுலி கல் வணிகர் கைமாறிக் கைமாறி வெனிஸ் துறைமுகத்தில் இறங்கும்போது தங்கத்தோடு போட்டிபோடும் விலைக்கு ஏறியிருக்கும். அஜந்தாச் சுவர்களிலும் இந்தக் கல்லின் நீலம் உண்டு. விலை அப்படி இருந்ததால் நீலத்தை ஓவியரின் விருப்பத்துக்கு விட்டுவிட யாரும் தயாராக இல்லை. 1485இல் ஃபிளாரன்ஸ் நகரின் அனாதைக் குழந்தைகள் இல்லம், பலிபீட ஓவியம் ஒன்றுக்காகக் கிர்லாந்தாயோவிடம் ஒப்பந்தம் எழுதியது. நீலம் அல்ட்ராமரினாகவே இருக்க வேண்டும், அவுன்ஸ் நான்கு ஃபுளோரின் மதிப்புள்ள சரக்காக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. பக்தியோடு ரசீதும் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். டச்சு ஓவியர் வெர்மீர் வேறு நிறங்களுக்கு அடியில்கூட இந்த நீலத்தைத் தாராளமாகப் பூசினார். 1675இல் இறந்தபோது கடனை விட்டுச் சென்றார். கடனுக்கு நீலம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கை சிக்கனம் அறிந்த கை அல்ல.

களிமண், சோடா, கந்தகம், கரி எல்லாவற்றையும் உலையில் சுட்டு இதே நீலத்தைச் செய்ய முடியும் என்று காட்டி, 1828இல் பிரெஞ்சுக்காரர் கிமே 6000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். அதன்பிறகுதான் அது எங்கள் வாளிக்கு வந்தது.

ஓவியச் சட்டகத்துக்குள் நிற்கும் நீலத்தைவிட உடம்பில் ஏறும் நீலத்தின் மீதுதான் எனக்கு ஈர்ப்பு அதிகம். அது அவுரி. திண்டிவனம் பக்கம் இன்றும் அதைப் பயிர்செய்து, தழையிலிருந்து நீலக்கட்டி எடுக்கிறார்கள். ஒருமுறை அங்கே போய் நின்று பார்த்தேன். அறுத்த செடியை வாடவிடாமல் சிமென்ட் தொட்டியில் அடுக்கி, மேலே கட்டைகளை வைத்து அழுத்தி, தண்ணீர் விட்டு ஊறப்போடுகிறார்கள். ஓர் இரவு ஊறினால் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாக மாறி, கிட்டே போக முடியாதபடி ஒரு நாற்றம் எழுகிறது. அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் வரிசையாக உள்ளே இறங்கி, காலால் உதைத்து உதைத்துக் கலக்குகிறார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது. பச்சை நுரை பொங்குகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரங்களில் நீலம் படர்கிறது.

"தழையில நீலம் இல்ல சார்," என்றார் தொட்டியில் நின்ற பெரியவர். "காத்து பட்டாத்தான் நீலம். அதுக்குத்தான் இந்த உதை."

வேதியியல் புத்தகம் சொல்வதும் இதைத்தான். இலையில் இருப்பது நிறமில்லாத ஒரு பொருள். அது ஊறலில் சிதைந்து, ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்ட பிறகே நீலமாகிறது. பிறகு வண்டலை அடியில் தங்கவிட்டு, காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்திக் கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துகிறார்கள். சக்கைத் தழை வயலுக்கு உரமாகப் போய்விடுகிறது. பெரியவர் தொட்டியை விட்டு ஏறியபோது முழங்கால்வரை நீலமாக இருந்தார். சோப்புக்குப் போகாதாம். நீலமேனி என்று நாம் யாரை யாரையோ பாடுகிறோம்.

இந்தக் கரையில் நீலம் பழைய தொழில். புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் கினே. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைக் கப்பலேற்றி மேற்கு ஆப்பிரிக்காவில் கொடுத்து, அடிமைகளை வாங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் அதே துணி செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசினுக்கு மாற்றுச்சரக்காகி, நாணயம்போலவே புழங்கியது. பிரான்சின் ரூவான் ஆலைகள் அதைப்போல நெய்து அனுப்பிப் பார்த்தன. அங்கிருந்தவர்கள் துணியைத் தொட்டும் மோந்தும் பார்த்து வேண்டாம் என்று தள்ளினார்கள். புதுச்சேரித் துணியின் அவுரி மணம் அதில் இல்லை. ஒரு மனிதனை விலைக்கு வாங்கிய துணியை நம் ஊர்க்காரர்தான் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறார். அது எங்கே போகிறது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வங்காளத்துக் கதை எல்லாரும் அறிந்தது. தோட்டத் துரைமார் முன்பணத்தில் கட்டிப்போட்டு நெல் வயலில் அவுரி போடவைத்தார்கள். 1859இல் விவசாயிகள் மறுத்து எழுந்தார்கள். தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் விலை சரிந்தது. ஆனால் கட்டாயம் உடனே போய்விடவில்லை. இருபது கட்டா நிலத்தில் மூன்றில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்துத்தான் 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனார்.

ஃபிளாரன்ஸில் காசு கொடுத்தவர் தீர்மானித்தார். வங்காளத்தில் துரை தீர்மானித்தார். நீலம் யாருக்கு என்று அதைக் கையில் எடுத்தவர்களே முடிவுசெய்த இடம் ஒன்று உண்டென்றால் அது நம் ஊர்ச் சேரி முனையில் நிற்கும் அம்பேத்கர் சிலை. 1942இல் அவர் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷனின் கொடி நீலம். வானத்துக்குக் கீழே எல்லாரும் சமம் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. பௌத்தக் கொடியில் முதல் பட்டை நீலம் என்பவர்களும் உண்டு. ஒரே காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் பல சிலைகளை இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கம்பிகளுக்கு உள்ளேயும் அந்தக் கோட்டின் நீலம் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது.

ஓர் ஏப்ரல் மாதம், பிறந்தநாளுக்கு முன்பு அப்படி ஒரு கூண்டைத் திறந்து இளைஞர்கள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். போன வருடத்து நீலமா, இன்னும் அடர்த்தியா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். அவருடைய புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதானே, கோட்டு நீலம் என்று எப்படித் தெரியும் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"தெரியறதுக்கு என்னண்ணா இருக்கு," என்றான் தூரிகை வைத்திருந்தவன். "நாங்க அடிக்கிறோம், நீலமா இருக்கு."

அடர்த்தியான டப்பாவைத்தான் கடைசியில் திறந்தார்கள்.