பழைய புரோகிராமுக்குத் தமிழ் தந்த கார்டு

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஒரு கார்டைச் சொருகினால், அதில் ஓடாத புரோகிராமும் ஓடிய காலம் ஒன்று உண்டு. 1980-இல் மைக்ரோசாஃப்ட் விற்ற சாஃப்ட்கார்டில் இசட்-80 சில்லு இருந்தது. அதைச் சொருகியதும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில், வேறு வகைக் கம்ப்யூட்டருக்காக எழுதிய வேர்ட்ஸ்டார் ஓடியது.

நம் நாட்டில் வந்தது ஜிஸ்ட் கார்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய வேலை அது. 1988-இல் புனேயில் அமைந்த சி-டாக் அதை வளர்த்துப் பரப்பியது. டிபேஸ் போன்ற புரோகிராம்களுக்கு ஆங்கிலம்தான் தெரியும். அவற்றைத் திருத்தாமலே, கார்டு தமிழைத் திரையில் காட்டியது. எழுத்துகளுக்கான 256 எண்களில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதி நம் மொழிகளுக்கு. இந்த இஸ்கி முறை 1991-இல் இந்தியத் தரமானது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எழுத்தின் தலைமேல் ஒரு கோடு விட்டுப்போனாலும் மார்க் போய்விடும். அந்தப் பழக்கத்தால், குமாஸ்தா வேலையில் ஆங்கிலப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே உறுத்தும். ல, ள இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. நம் ஓடைப்பட்டியை ஒடைப்பட்டி என்றும் படிக்கலாம். பட்டாவிலோ பென்ஷன் தாளிலோ ஓரெழுத்து மாறினால் அலைவது அந்த ஆள்தான்.

இன்று யூனிகோடு வந்துவிட்டது, கார்டு தேவையில்லை. ஆனால் அன்று இஸ்கியில் ஏற்றிய பட்டியலைச் சும்மா திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அதை யூனிகோடாக மாற்ற வழி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுமுன், உள்ளே இருக்கும் பெயர்களை எடுத்து வைத்துவிடுங்கள்.