வெள்ளைச் சீருடையும் பிளாஷின் கண்ணும்



வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய பிலிம் கமராவைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: "சேர், பிளாஷ் ஓட்டோவிலதானே இருக்குது, பிறகேன் முகம் இருட்டாய் வருது?"

பிளாஷின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்றதும் பிளாஷை நிறுத்திவிடும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எண்ணும். நாற்பது பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் நின்றால் வெளிச்சம் கூடத் திரும்பும். பிளாஷ் முந்தியே நின்றுவிடும். சீருடை சாம்பலாகும், எங்கட முகங்கள் இருண்டுபோகும். இரவில், பின்னால் வெறும் இருட்டோடு ஒருவரை எடுத்தால் மறுவளம்: முகம் வெளிறிவிடும்.

இதற்கு வழி, ஒரே காட்சியை மூன்று அளவில் எடுப்பது. பிளாஷ் எஃப் 8 என்று காட்டினால் முதற்படம் 8 இல். பிளாஷில் கைவைக்காமல் லென்ஸை மட்டும் 5.6 க்குத் திறந்து இரண்டாவது, 4 க்குத் திறந்து மூன்றாவது. பின்னணி இருட்டென்றால் 11 பக்கம் போங்கள். ஷட்டர் வேகத்தை மாற்றினால் பின்னணி வெளிச்சம்தான் மாறும். லென்ஸுக்குள்ளால் பிளாஷை அளக்கும் கமரா என்றால் துவாரத்தை மாற்றினாலும் அது சரிக்கட்டிவிடும்; அதில் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றுங்கள். 100 பிலிமுக்கு 50 என்று வைத்தால் இருமடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

36 படச் சுருளில் 12 காட்சிதானே வரும் என்பீர்கள். குழுப்படத்துக்கு மட்டும் செய்யுங்கள். நெகற்றிவில் வெளிச்சம் கூடினால் பிரிண்ட் போடும்போது சமாளிக்கலாம். பதியாத முகத்தை எந்த ஸ்ரூடியோவாலும் கொண்டுவர முடியாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் அல்பம் சோனகதெருவிலேயே நின்றுவிட்டது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமம் இடம்பெயர்ந்தது. உங்களில் எத்தனையோ பேரின் அல்பங்களும் அப்படித்தான் போயின. அப்படியான வீடுகளுக்கு, யாரோ ஒருவரிடம் மிஞ்சிய பள்ளிக்கூடக் குழுப்படம்தான் கதி. அதில் மூன்றாம் வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகம் இருண்டிருந்தால், அந்தத் தாய்க்குப் பார்க்க வேறு படம் இல்லை.

பழைய நெகற்றிவ் எங்காவது கிடந்தால் எறியாதீர்கள். பிரிண்டில் இருண்ட முகம் சிலவேளை அதில் தெளிவாக இருக்கும். ஸ்கான் செய்து பாருங்கள்.